மோவாயில் வைத்த குழல்

முந்தானையால் வாயை மூடிக்கொண்டே என்னோடு பேசிய என் அம்மாவுக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி நான் எழுதப்போவதில் பாதிக்குமேல் பயம்தான். நடுவில் எங்கேயாவது நீ பதறிவிடக் கூடாது. அப்பா சுகம். உன் மருமகன் சுகம். நீ பார்க்காத உன் பேத்தி சாந்தி, நாள் முழுக்கத் தின்றுகொண்டும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டும் சுகமாக இருக்கிறாள்.

வருடா வருடம் உன் நினைவு நாளில் அப்பா பேப்பரில் உன் படத்தைப் போடுவார். கீழே நாலு வரி இருக்கும். எல்லார் அம்மாவுக்கும் போடுகிற அதே நாலு வரி. பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். இந்த வருடம் நான் எழுதுகிறேன் அப்பா, ஊரே படிக்கட்டும் என்றேன். "எல்லாத்தையுமா எழுதப் போற?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் வழியாகச் சடக்கில் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.

அதனால் அதையே முதலில் சொல்கிறேன். நீ காய்ச்சலில் சாகவில்லை. காசநோயில் செத்தாய். நம் குடும்பத்தில் இந்த வருடம்வரை யாரும் அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னதில்லை. அக்கம்பக்கத்தில் காய்ச்சல் என்றோம். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் காய்ச்சல் என்றோம். சொல்லிச் சொல்லி, எனக்கே சில சமயம் அது காய்ச்சல்தானோ என்று தோன்றிவிடும்.

எனக்கு நினைவிருக்கிற நீ தூரத்தில் இருக்கிற நீதான். உனக்குத் தனித் தட்டு, தனிக் குவளை, கூடத்தின் மூலையில் தனிப் பாய். நான் ஓடி வந்தால் கையை நீட்டித் தடுப்பாய். "அங்கயே நில்லு பாப்பா. அங்கேருந்தே சொல்லு." பிறகு ஆஸ்பத்திரி. அப்பா என்னைக் கீழே புல்தரையில் நிறுத்துவார். நீ மாடி வராந்தாவில் வந்து நின்று கையை ஆட்டுவாய். கத்திப் பேச உனக்கு மூச்சு கிடையாது. நான்தான் கீழேயிருந்து, பள்ளிக்கூடத்தில் படித்த பாட்டையெல்லாம் தொண்டை கிழியக் கத்துவேன். நீ கேட்டாயா, சும்மா தலையை ஆட்டினாயா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

அப்படி வளர்ந்தவளுக்கு அடுத்தவர் மூச்சென்றாலே குலை நடுங்கும். பஸ்ஸில் யாராவது இருமினால் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடுவேன். கடலைக் கடக்கிற ஃபெரியில் மழையே பெய்தாலும் ஓரமாக, காற்று அடிக்கிற இடத்தில்தான் நிற்பேன். விருந்து வீட்டில் குவளை உதட்டில் படாது. "கமலா டீச்சர் ரொம்ப சுத்தம்" என்று நல்ல பேர் வேறு வாங்கிவிட்டேன். நம்மாட்களிடம் எச்சில் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மேற்கொண்டு யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். பயத்தை மூடி வைக்க அதைவிட வசதியான மூடி ஏது?

இப்படிப்பட்டவளுக்குக் கல்வி இலாகா என்ன வேலை கொடுத்தது தெரியுமா? சிரிக்காதே.

புதிய பாடத்திட்டம் வந்தது. ஆரம்பப் பள்ளிகளில் இனி இசையும் ஒரு பாடம், நாலாம் ஆண்டிலிருந்து பிள்ளைகளுக்கு ரெக்கார்டர் என்றார்கள். பாட்டைப் பதிவு செய்கிற பெட்டி என்று நினைத்துக்கொள்ளாதே. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். இது ஒரு பிளாஸ்டிக் குழல். புல்லாங்குழல் மாதிரி பக்கவாட்டில் பிடிப்பதில்லை. மூக்குக்கு நேரே பிடித்து, முனையை வாயில் கவ்விக்கொண்டு ஊத வேண்டும். வாயில், அம்மா!

தலைமையாசிரியர் கூப்பிட்டார். "டீச்சர், அசெம்ப்ளில நீங்கதான் தேவாரம் நல்லா பாடுறீங்க. மியூசிக்க நீங்க எடுத்துக்குங்க."

"சார், தேவாரத்துக்கும் இதுக்கும் என்னா சார் சம்பந்தம்?"

"ரெண்டும் வாயாலதான டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் பசியாறப் போய்விட்டார்.

பயிற்சிக்கு அனுப்பினார்கள். நடத்தியவர் மலாய்க்கார ஆசிரியர், தங்கமான மனிதர். நான் ஊதியபோது கிரீச்சென்று கேட்டதும், என் கையிலிருந்து குழலை வாங்கி, தானே ஊதிக் காட்டி, சட்டை நுனியில் துடைத்து, சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார். நான் அதை எடுத்துக்கொண்டு நேரே கழிவறைக்கு ஓடினேன். சோப்புப் போட்டுக் கழுவினேன், திரும்பக் கழுவினேன், பிறகு சும்மா கையைக் கழுவிக்கொண்டே நின்றேன். வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று அந்த மனிதர் எனக்காகச் சூடாகத் தேத்தண்ணி வாங்கி வைத்திருந்தார். பாவம்.

அந்தப் பயிற்சியில் ஒரு விஷயத்தை மட்டும் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஊதுவதற்கு முன்னால் விரல் பழக வேண்டும். அதற்குக் குழலின் முனையை மோவாயில் ஊன்றிக்கொண்டு, சத்தமில்லாமல் துளைகளை மூடித் திறக்கச் சொல்லலாம் என்றார்கள். கொஞ்ச நேரம் செய்துவிட்டு ஊத ஆரம்பிக்க வேண்டிய காரியம் அது. எனக்கோ, உயிர் வந்த மாதிரி இருந்தது.

பள்ளிக்கு ஒரு பெட்டி ரெக்கார்டர் வந்தது. சொந்தமாக வாங்க முடியாத பிள்ளைகள் அந்தப் பெட்டியிலிருந்து எடுப்பார்கள். அதே குழலைப் பக்கத்து வகுப்புப் பிள்ளைகளும் எடுப்பார்கள். பெற்றோர் வரிசையாக வந்தார்கள். "டீச்சர், கோவிச்சுக்காதீங்க, கண்டவங்க எச்சில எம்புள்ள வாயில வைக்கக் கூடாது." நான் கோபித்துக்கொள்வதாவது! மனதுக்குள் கையெடுத்துக் கும்பிட்டேன்.

ஆக, என் வகுப்பில் யாரும் ஊதவில்லை. "மோவாக்கட்டைல வைங்க" என்பேன். அத்தனை குழலும் மோவாயில் ஏறும். இடது கை மேலே, வலது கை கீழே, பெருவிரல் பின்னால் இருக்கிற துளையில். பி, ஏ, ஜி என்று ஸ்வரத்தின் பெயரை வாயால் பாடுவார்கள், விரல் மட்டும் அதற்கேற்ப மூடித் திறக்கும். அந்த மூன்று ஸ்வரத்தில் நானே ஒரு சின்ன மெட்டுக் கட்டிக் கொடுத்தேன். விரல் நுனியில் வட்டம் வட்டமாகத் தழும்பு விழுகிற அளவுக்குப் பிள்ளைகள் அழுத்திப் பிடித்துப் பழகினார்கள். "எப்ப டீச்சர் ஊதுவோம்?" என்று கேட்டால், "விரல் சரியா வரட்டும்" என்பேன். விரல் சரியாக வந்து வெகுநாளாகியிருந்தது.

ஒருநாள் தலைமையாசிரியர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். "என்னா டீச்சர், மியூசிக் கிளாஸ்ல இவ்ளோ அமைதி? மத்த பள்ளிக்கூடத்துல காது கிழியுதாம்லா."

"பேஸ்மட்டம் போடுறேன் சார்" என்றேன்.

"வீடு எப்ப டீச்சர் கட்டுவீங்க?" என்று சிரித்துவிட்டுப் போனார். உன் மருமகன் இன்னும் மோசம். "ஊதாத ரெக்கார்டர் டீச்சர் இந்தப் பினாங்குலயே நீ ஒருத்திதான்" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

நான் வகுப்பாசிரியையாக இருக்கிற நாலாம் ஆண்டு வகுப்பில்தான் சாந்தியும் படிக்கிறாள். அவளுக்குச் சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று சூலியா தெருவில் முஸ்லிம் நானா ஒருவரின் கடைக்குப் போனேன். நானா உறையிலிருந்து எடுத்தார், எடுத்த கையோடு வாயில் வைத்து ஒரு ஊது ஊதினார். "பாருங்க டீச்சர், எப்படி கேக்குது!" வேற ஒண்ணு குடுங்க நானா என்றேன். சத்தம் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அடுத்ததை எடுத்து அதையும் ஊதிவிட்டார். "ஊதாம குடுங்க நானா!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "ஊதிப் பாக்காம எப்படி டீச்சர் வாங்குவீங்க?" என்று நானா கேட்டது நியாயம்தான். உறை பிரிக்காத ஒன்றை நானே எடுத்து, காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

இனிமேல்தான் அம்மா, பயம்.

சாந்திக்கு ஒரு சிநேகிதி உண்டு, புஷ்பா. ஒல்லியாக, எப்போதும் சிரித்த முகமாக இருப்பாள். வகுப்பிலேயே நல்ல விரல் அவளுக்குத்தான். துளையை மூடினால் காற்றுப் புகாது. அவளுக்குச் சொந்தக் குழல் இல்லை. பெட்டியிலிருந்து எடுப்பாள், வகுப்பு முடிந்ததும் நான் வாங்கிப் பூட்டிவிடுவேன்.

ஒருநாள் இடைவேளையில் கேண்டீனுக்குப் பின்பக்கம் போனேன். மாடிப்படிக்குக் கீழேயிருந்து குழல் சத்தம் வந்தது. என் மெட்டு. நான் கட்டிய மெட்டு, நான் ஒருநாளும் குழலில் கேட்காத மெட்டு. பிசிறில்லாமல் வந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது. அடடா, இது இப்படித்தான் இருக்குமா என்று அப்படியே நின்றுவிட்டேன்.

நடுவில் சத்தம் நின்றது. இருமல் கேட்டது. விட்டு விட்டு, அடிவயிற்றிலிருந்து வருகிற இருமல். அந்த இருமலை எனக்குத் தெரியும் அம்மா. கூடத்து மூலையிலிருந்து வந்த இருமல் அது.

குனிந்து பார்த்தேன். படிக்கட்டுக்கடியில் இரண்டு பேரும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். புஷ்பா இருமி முடித்து, சாந்தியின் குழலை வாயிலிருந்து எடுத்து அவளிடமே நீட்டினாள். என் மகள் அதை வாங்கி அப்படியே வாயில் வைத்தாள்.

நான் போட்ட கூச்சலில் குழல் கீழே விழுந்து உருண்டது. சாந்தியின் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். புஷ்பா மிரண்டுபோய் எழுந்து நின்றாள்.

"தொடச்சிட்டுத்தான் குடுத்தேன் டீச்சர்."

"எதுல தொடச்ச?"

"கவுன்ல டீச்சர்."

"எவ்வளவு நாளா இந்த இருமல்?"

யோசித்தாள். "எப்பவும் இருக்கு டீச்சர்" என்றாள், காலில் இருக்கிற மச்சத்தைப் பற்றிச் சொல்வது போல. அப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தேன். கவுன் தோளிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது. இவளை நான் தினமும் பார்க்கிறேன். விரலை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

சாயங்காலமே புஷ்பா வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள், இன்னும் யூனிஃபார்ம்கூட மாற்றவில்லை. புஷ்பாவை நெஞ்சு கிளினிக்குக் கூட்டிப் போங்கள் என்று மெதுவாகச் சொன்னேன். அவள் முகம் இறுகிவிட்டது.

"எங்க வீட்ல அந்த சீக்கு இல்ல டீச்சர். ஏழைன்னா சீக்கு இருக்கணுமா?"

"ஏழைன்னு சொல்லலக்கா."

"பின்ன என்னா? நாளைக்கு இது வெளிய தெரிஞ்சா எம்பொண்ண யாரு கட்டுவா? உங்களுக்கு என்னா டீச்சர் தெரியும் அதப் பத்தி?"

எழுந்து வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். "எங்கம்மா அதுலதான் போனாங்க" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்ததா என்று எனக்கே சந்தேகம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் உன் மருமகனிடம்கூட நான் வாய்விட்டுச் சொல்லாதது. "அப்ப சீக்கிரம் காட்டலக்கா. வெளிய தெரிஞ்சிடும்னு இழுத்தடிச்சாங்க. நான் ரெண்டாம் ஆண்டு படிக்கிறப்பவே எனக்கு அம்மா இல்ல."

அவள் எழுந்தாள். உள்ளே போய் யூனிஃபார்மை மாற்றிக்கொண்டு வந்தாள். "நாளைக்கு லீவு கேக்குறேன்" என்றாள்.

மறுநாள் எல்லோரும் போனோம்: புஷ்பா, அவள் அம்மா, நான், சாந்தி. அங்கே ஒரு டாக்டரம்மா, யாழ்ப்பாணத்துக் குடும்பம் என்று பேச்சிலேயே தெரிந்தது. புஷ்பாவின் முதுகில் காதை வைக்காத குறையாக மூச்சைக் கேட்டார். என் பக்கம் திரும்பினார். நான் ரெக்கார்டர் கதையை ஒரே மூச்சில் கொட்டினேன். ஒரே குழல், இரண்டு வாய், நான் கழுவவில்லை, கழுவச் சொல்லவில்லை, பூட்டி வைத்திருக்க வேண்டும் என்று என்னவெல்லாமோ சொன்னேன்.

"குழலை விடுங்கோ" என்றார். "இது எச்சிலால வாறது இல்லை, காத்தால வாறது. ஒரே அறையில நெடுநேரம் கிட்டத்தில இருக்க வேணும். அதோட, இது பிள்ளையிட்ட இருந்து பிள்ளைக்கு வாறது குறைவு. பெரிய ஆக்களிட்ட இருந்துதான் வரும். வீட்டில ஆருக்கும் இருமல் இருக்கோ?"

புஷ்பாவின் அம்மா குனிந்த தலை நிமிராமல், "யாருக்கும் இல்ல டாக்டர்" என்றாள்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "டீச்சர், நாள் முழுக்க இந்தப் பிள்ளையோட அறையில இருக்கிற பெரிய ஆள் நீங்கள்தானே. உங்கட வீட்டில ஆருக்கும் முந்தி இருந்ததோ?"

இருந்தது என்றேன். அம்மாவுக்கு.

"அப்ப நீங்களும் ஒரு நெஞ்சுப் படம் எடுங்கோ."

அம்மா! பயந்து பயந்து ஓடி ஒளிந்தேனே, பஸ்ஸை விட்டு இறங்கினேனே, கழுவிக் கழுவிக் கை தேய்ந்தேனே, அது வெளியே இல்லாமல் என் நெஞ்சுக்குள்ளேயே இருந்தால்? இந்தப் பிள்ளைக்கு நானே கொடுத்திருந்தால்? என் சாந்திக்கு? அவளோடு ஒரே அறையில் நெடுநேரம் இருக்கிற பெரிய ஆள் யார்? நான்தானே அம்மா. பிள்ளைகள் இருவருக்கும் எடுத்த பிறகு, எக்ஸ்ரே அறையில் என்னை மூச்சை இழுத்துப் பிடியுங்கள் என்றார்கள். எனக்கு அதைச் சொல்லவே தேவையில்லை.

முடிவு தெரிய ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அந்த வாரத்தை எப்படி எழுதுவது? பள்ளிக்கு லீவு போட்டேன். உன் மருமகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எதையும் கேலி செய்யாமல் கேட்டது இன்னும் பயமாக இருந்தது. அடுப்படியில் தனியாக ஒரு தட்டை எடுத்து எனக்கென்று வைத்துக்கொண்டேன். சாந்தி பள்ளிவிட்டு ஓடி வந்து கட்டிக்கொள்ளப் பார்த்தாள். நான் கையை நீட்டித் தடுத்தேன்.

"அங்கயே நில்லு சாந்தி. அங்கேருந்தே சொல்லு."

அப்படியே நின்றுவிட்டாள். "என்மேல கோவமாம்மா? அந்த ரெக்கார்டருக்கா? ஏன்மா வாய மூடிக்கிட்டுப் பேசற?"

அப்போதுதான் கவனித்தேன், என் முந்தானை என் வாயில் இருந்தது. நானாக எடுத்து வைத்ததாக நினைவில்லை. அடுப்படியில் போய்க் குந்தி உட்கார்ந்து அழுதேன். இத்தனை வருடமும் நான் புல்தரையில் நின்றுதான் உன்னைப் பார்த்திருக்கிறேன் அம்மா. மாடியிலிருந்து பார்த்தால் எப்படியிருக்கும் என்று அந்த ஒரு வாரம்தான் எனக்குத் தெரிந்தது. எத்தனை மாதம் அப்படி இருந்தாய்? எப்படி முடிந்தது உன்னால்?

முடிவு சொல்கிற நாளில் கிளினிக் வாசலில் புஷ்பாவின் அம்மா நின்றுகொண்டிருந்தாள். கூட ஒரு இளைஞன், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு. "என் தம்பி டீச்சர். ரப்பர் தோட்டத்துலேருந்து வேலை தேடி வந்து எங்க வீட்லதான் இருக்கான். அன்னைக்கு டாக்டர் கேட்டப்ப எனக்கு வாய் வரல. நீங்க உங்கம்மாவ பத்தி அவ்வளவு சொன்னீங்க, நான் இதக்கூடச் சொல்லலியேன்னு தூக்கமே இல்ல டீச்சர்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தத் தம்பிக்குத்தான் நோய் முற்றியிருந்தது. புஷ்பாவுக்கு அங்கேயிருந்துதான் வந்திருக்கிறது. அவளுக்கு ஆரம்பம்தான், மாத்திரை உண்டு, விடாமல் சாப்பிட்டால் முழுசாகக் குணமாகிவிடும் என்றார் டாக்டரம்மா. மாத்திரை அம்மா. வெறும் மாத்திரை. நீ இருந்த காலத்தில் அந்த மருந்து எங்கே இருந்தது? யார் வீட்டுக்குப் போயிருந்தது?

சாந்தியின் நெஞ்சில் ஒன்றுமில்லை. அதைக் கேட்டதும் எனக்குக் காது அடைத்துவிட்டது. அடுத்து என்ன சொன்னார் என்று இரண்டாம் தடவை கேட்க வேண்டியிருந்தது.

என் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். "இதைப் பாருங்கோ." பாசிப்பயறு அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. "பழைய தழும்பு. சின்னப் பிள்ளையா இருக்கேக்க உங்களுக்கு வந்திருக்கு. உடம்பே அதை மூடி வைச்சிட்டுது. உங்களிட்ட இருந்து ஒருத்தருக்கும் வரேல்லை, பயப்படாதேங்கோ."

"காலேஜ்ல சேரும்போது படம் எடுத்தாங்களே டாக்டர், யாரும் சொல்லலையே?"

"வேலை செய்யிறதுக்கு இது தடையில்லை. அதனால சொல்லாம விட்டிருப்பினம்."

"எப்படி டாக்டர் வந்திருக்கும்?"

"அம்மாவிட்ட இருந்துதான். வேற ஆர்?"

"இருக்காது டாக்டர். எங்கம்மா என்னைக் கிட்டயே விட்டதில்ல. தொட்டதே இல்ல."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "பிள்ளையைத் தொடாம ஒரு அம்மா இருப்பாவோ, டீச்சர்?" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவைத்தான் கேட்டேன். முதலில் தெரியாது என்றார். பிறகு, பழைய கதை எதுக்கு என்றார். நான் விடவில்லை. கடைசியில் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீ தூங்குனதும் வருவா. உன் பக்கத்துல படுத்து, மூஞ்சோட மூஞ்ச வச்சிக்குவா. புள்ளைக்கு ஒட்டிக்கும்டின்னு நான் கத்துவேன். கொஞ்ச நேரம், கொஞ்ச நேரம்னு கெஞ்சுவா. நான் என்னா செய்ய? வெளிய போய் உக்காந்துக்குவேன். நீ முழிக்கிறதுக்கு முன்ன எந்திரிச்சிப் போயிடுவா."

அம்மா, எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று புத்தி சொல்கிறது. நீ செய்தது தப்பு, எத்தனை பெரிய தப்பு! இன்னும்கூட அந்தப் புள்ளி என்றைக்காவது விழித்துக்கொள்ளலாமாம். வருடத்துக்கு ஒரு தடவை வந்து படம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் அந்த அறையில் நான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கப் போகிறேன். ஆனாலும் அப்பா சொன்ன நிமிஷத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பைத்தியக்காரி மாதிரிச் சிரித்துக்கொண்டே அழுதேன். ஒரே ஒரு தரம் என்னை எழுப்பியிருக்கக் கூடாதா? ஒரு தரம் நான் கண்ணைத் திறந்து பார்த்திருக்கக் கூடாதா?

புஷ்பாவுக்கு மருந்து ஆரம்பித்துச் சில வாரம் ஆகிவிட்டது. இனி அவளால் யாருக்கும் ஆபத்தில்லை, பள்ளிக்கு அனுப்பலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஆனால் செய்தி அதற்குள் ஊரைச் சுற்றிவிட்டது. பெற்றோர்கள் பள்ளிக்கு வந்து நின்றார்கள். அந்தப் பிள்ளையை வேறு வகுப்பில் போடுங்கள் என்றார்கள். இந்தக் குழலே வேண்டாம் என்றார்கள். நான் அவர்களிடம் டாக்டரம்மா சொன்னதையெல்லாம் சொன்னேன், உன்னைப் பற்றியும் சொன்னேன். சிலர் கேட்டுக்கொண்டார்கள். சிலர் என்னைவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

வெள்ளிக்கிழமை தலைமையாசிரியர் கூப்பிட்டார். "டீச்சர், எதுக்கு வம்பு? பேசாம இந்த ஊதுற வேலைய நிறுத்திடுவோம்லா. பாட்டு மட்டும் பாடட்டும். இன்ஸ்பெக்டர் கேட்டா நான் பாத்துக்கிறேன்."

கேட்டாயா? நான் வருடம் முழுக்க வேண்டிக்கொண்டிருந்த வரம். அதுவும் நான் கேட்காமலே, தட்டில் வைத்து. சரி சார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"இல்ல சார். திங்கக்கெழம ஊதுறோம்" என்று வந்துவிட்டது.

இன்றைக்கு ஞாயிறு. பெட்டியிலிருந்த குழல்களை எல்லாம் வீட்டுக்குக் கொண்டு வந்து, நானும் சாந்தியும் சோப்புத் தண்ணீரில் கழுவி, பின்பக்கம் கயிற்றுக் கட்டிலில் வெயிலில் காய வைத்திருக்கிறோம். குழலால் வராது என்று தெரியும். இருந்தாலும் கழுவினேன். என்னை ஒரே நாளில் மாற்றிவிட முடியாது பார். யாருக்கு எது என்று பெயர் ஒட்டுகிற வேலை சாந்தியுடையது. ஒன்றில் என் பெயரையும் ஒட்டிவிட்டு, "நீயும் ஊதணும்மா" என்கிறாள்.

நாளைக்குப் புஷ்பா வருகிறாள். ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்து, அவளை முன்வரிசையில் உட்கார வைத்து, எல்லோருக்கும் முன்னால் முதலில் நான்தான் ஊதப் போகிறேன். கிரீச்சென்று கேட்கும். பிள்ளைகள் சிரிப்பார்கள். எத்தனை பிள்ளைகள் வருவார்கள், எத்தனை பேரை வீட்டிலேயே நிறுத்திக்கொள்வார்கள், தெரியவில்லை. பயம் தீரட்டும், பிறகு ஊதலாம் என்று இருந்தால் இந்த ஜென்மத்தில் நடக்காது அம்மா. நீ மட்டும் பயம் தீர்ந்தா என் பக்கத்தில் வந்து படுத்தாய்? பயந்துகொண்டுதானே வந்தாய். நானும் பயந்துகொண்டே ஊதுகிறேன். இது சத்தியம்.

உன் மூச்சுப் பட்ட மகள்,
கமலா